பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் சிவகாசிப் பக்கம் ஒருவருக்குக் கிட்னியில் கோளாறு என்றால் அடுத்த கேள்வி, "டயாலிசிஸ் எப்போ?" என்பதுதான். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும், 'உப்பு கூடியிருக்கு' என்று சொன்ன நாளிலிருந்து அந்த ஒரே பயம். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினாலும் தூக்கம் போய்விடும்.

ஒரு ராத்திரி நெஞ்சு கனத்தது, மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் ட்ரோபோனின் பார்த்தார்கள், கூடுதல். மனைவி அழத் தொடங்கிவிட்டாள். பணியில் இருந்த டாக்டரம்மா கேட்டார்: "இதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் எடுத்திருக்கீங்களா ஐயா? பழைய ரிப்போர்ட் இருக்கா?"

மகன் வீட்டுக்குப் போய்ப் பீரோவிலிருந்து பைலைக் கொண்டுவந்தான். போன வருடத்து ரிப்போர்ட்டிலும் ஏறத்தாழ அதே எண். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த இரத்தத்திலும் எண் நகரவில்லை. ஈசிஜியிலும் புது மாற்றம் இல்லை. மாரடைப்பு இல்லை என்றார்.

மறுநாள் அவர் பொறுமையாக விளக்கினார். இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் கசிவது ட்ரோபோனின். சிறுநீரக நோயாளிகள் பலருக்கு அது எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாமல் நிற்கிறது என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது. அப்படி நிலையாகக் கூடியிருப்பவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். இதயம் திணறும்போது கூடும் என்.டி. புரோ பி.என்.பி.யும் அப்படித்தான். எக்கோவில் என் இதயச் சுவர் தடித்திருந்தது. பல வருடப் பிரஷரின் வேலை.

சிறுநீரக நோயாளிகளில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரைக்கும் போவதில்லை. அதற்கு முன்பே பலரை இதயம் கொண்டுபோய்விடுகிறது. கலிபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் வடிகட்டும் அளவு 60-க்குக் கீழே இறங்க இறங்க இதயப் பாதிப்பு கூடிக்கொண்டே போனது. 15-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல்.

இதைக் கேட்டபோது என்னோடு வேலை பார்த்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பட்டாசு மருந்து அறையில் மின்விசிறி வைக்க முடியாது. சித்திரை வெயிலில் தகரமும் சுவரும் கொதிக்கும். பீஸ் ரேட் கூலி. எழுந்தால் வேலை குறையும் என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், பெண்கள் முக்கியமாக. சாயங்காலம் இடுப்புவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. வெயில், தண்ணீர்க் குறைவு, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. அதோடு சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் இதயமும் தாங்காது. ஆலை நடத்துபவர்கள் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கொடுப்பதைச் சலுகையாக நினைக்கக் கூடாது.

எனக்கு இப்போது பிரஷர் மாத்திரையோடு கொழுப்புக்கு ஸ்டாட்டினும் உண்டு. 50 வயது தாண்டிய, டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோயாளிகளுக்கு அதைக் கொடுப்பது உலக அளவிலான பரிந்துரை. ஊறுகாயும் கருவாடும் நின்றன.

சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்றும் வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கிட்னிக் கோளாறு என்றால், "என் இதயம் எப்படி இருக்கிறது டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். ரிப்போர்ட் அத்தனையையும் ஒரே பைலில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.