மிளகாய் வந்த வழி



அசனத்துக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. அரிசிக் கணக்கும் கறிக் கணக்கும் பேசுவதற்காகச் சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடிய கமிட்டியில் ஒரு கேள்வி எழுந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு அருகே உள்ள பரோட்டாக் கடையில் மாவு அடிக்கும் பீகார் இளைஞர்களையும், அவர்களோடு ஒரே அறையில் தங்கி நூற்பாலைக்குப் போய்வரும் ஒடிசாப் பிள்ளைகளையும் அசனத்துக்கு அழைக்கலாமா என்பதே அது. அழைக்கலாம் என்றார் ஒருவர். “ஐயா, அசனம் ஊருக்கு. அவுக வந்து போறவுக” என்றார் மற்றொருவர். முடிவு எட்டப்படாமல் ஜெபத்தோடு கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்துக்கு முன் என் மனத்தில் உள்ளதை உங்களுக்கு எழுதிவிட விரும்புகிறேன். அதற்கு முதலில் ஓர் உணவுக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருக்கும் என் தங்கை மகனைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஒருநாள் இரவு, அவன் வீட்டுத் தெருமுனையில் இருந்த சிறிய மெக்சிகோ உணவுக்கடைக்கு என்னை அழைத்துப் போனான். பத்து மேசைகள் இருக்கும். கட்டட வேலை முடித்து வந்தவர்கள் சுண்ணாம்புத் தூசு படிந்த காலணிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, வறுத்த சோள வில்லைகள் ஒரு கூடையிலும், சிவப்புத் துவையல் ஒரு கிண்ணத்திலும் வந்தன. அதற்குக் காசு இல்லை. அந்தப் பக்கத்துக் கடைகளில் அது வழக்கமாம். ‘சால்சா’ என்று பெயர் சொன்னார்கள். சுட்ட தக்காளி, மிளகாய், பூண்டு, வெங்காயம், மல்லித்தழை. வாயில் வைத்ததும், இது நம் வீட்டு அம்மியில் அரைத்ததல்லவா என்று தோன்றியது. அவர்களுக்கும் மூன்று கால் வைத்த கல் உரல் ஒன்று உண்டு. எரிமலைக் கல்லில் செதுக்கியது.

பரிமாறிய அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாமா, காரம் தாங்குவீங்களான்னு கேட்கிறாங்க” என்றான் மருமகன். மிளகாய் வத்தலுக்கு விலை சொல்லும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் உள்ளே போய், வாடிக்கையாளருக்கு வைக்காமல் தங்களுக்கென்று அரைத்து வைத்திருந்த துவையலைக் கொண்டுவந்தார். சமையற்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். நான் உண்டு முடிக்கும்வரை இருவரும் நகரவில்லை. கண்ணில் நீர் வந்தது என்பதை மறைக்கவில்லை. அவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் போலும். அதன்பின் அந்த மேசையில் நான் அயலானாக இருக்கவில்லை.

டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவைச் சேர்ந்த நிலம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அங்கே யார் வந்தேறி என்று கேட்பது அவ்வளவு எளிதல்ல.

அந்தத் துவையலின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அன்பானவர்களே. மிளகாய் நம் நாட்டுப் பயிர் அல்ல. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதைப் பயிராக்கினார்கள். கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் அது கடல் தாண்டியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு வேறு பெயர் தேடாமல், மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றார்கள். நம் வீட்டுப் பெயரையே கொடுத்துவிட்டார்கள். தக்காளியும் அங்கிருந்து வந்ததே. கரிசலில் மானாவாரியாக நாம் விதைக்கும் மக்காச்சோளமும் அப்படியே.

நம் பக்கத்திலிருந்தும் அங்கே போயிருக்கிறது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஆசியாவின் மாம்பழம் அவ்வழியே சென்றது. இன்று மெக்சிகோவின் தெருக்களில் மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கிறார்கள். நம் பள்ளிக்கூட வாசலில் விற்பதும் அதுதானே? புளியும் சென்றது, அதில் சர்பத் போட்டுக் குடிக்கிறார்கள். மனிதரும் சென்றார்கள், எல்லோரும் விரும்பி அல்ல. இந்தியாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு மணிலா வழியாக அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண், கத்தரினா தே சான் ஹுவான் என்னும் பெயரோடு பூயெப்லா நகரில் 1688இல் மரித்தார். அவ்வூர் மக்கள் அவரைப் பரிசுத்தவாட்டியாகவே கருதினார்கள். அவர் பிறந்த ஊரின் பெயர் அங்கே எவருக்கும் வாயில் நுழைந்திராது.

இப்போது நம் கடைக்கு வருவோம். விருதுநகர் என்றதும் வெளியூரார் நாவில் ஊறுவது எண்ணெய்ப் பரோட்டா. அங்கே பெயர்பெற்ற கடைகளுள் ஒன்று ‘பர்மா கடை’ என்றே அழைக்கப்படுகிறது. பரோட்டாவின் பெயர் வடக்கிலிருந்து வந்தது. சால்னாவின் மிளகாயும் தக்காளியும் மேற்கிலிருந்து வந்தவை. பர்மாவோ நம் முன்னோர் பிழைக்கப் போன தேசம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போகாத குடும்பங்கள் எத்தனை? 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, இந்தியர்கள் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். வழியில் யாரோ ஒருவர் கொடுத்த கஞ்சியால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கலாம்.

அந்தப் பீகார் இளைஞர்கள் தட்டி மடித்துச் சுட்டுத் தரும் பரோட்டாவை நாம் பெஞ்சில் அமர்ந்து உண்கிறோம். அவர்கள் கடையின் பின்கட்டில் நின்றபடி உண்கிறார்கள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவியதை நினைத்துப் பாருங்கள். அவை பொய் என்று காவல்துறை தெளிவுபடுத்துவதற்குள் தமிழ்நாட்டில் வேலை செய்த எத்தனையோ பேர் அஞ்சி ரயில் ஏறிவிட்டார்கள். அந்தப் பொய்யை அவர்கள் ஏன் உடனே நம்பினார்கள்? ஆண்டுக்கணக்கில் ஓர் ஊரில் உழைத்தும், அவ்வூரில் ஒரு வீட்டிலாவது இலை போட்டு உண்டிராதவன் அதை நம்பாமல் என்ன செய்வான்?

நம் ஆண்டவர்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று, அவர் யாரோடு உட்கார்ந்து உண்டார் என்பதைப் பற்றியது. லூக்கா அதை மறுபடியும் மறுபடியும் எழுதுகிறார். முறுமுறுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பந்தி ஒழுங்கைக் காப்பதாகவே எண்ணினார்கள். நம் கமிட்டிச் சகோதரர் சொன்னதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இடம் போதாது என்ற அவருடைய கவலை நியாயமானதுதான். ஆனால் விசாரித்துவிட்டேன்: அந்த அறையில் தங்கியிருப்பவர்கள் பதினொரு பேர். இரண்டு படி அரிசி கூடுதலாகப் போட்டால் தாராளம். அதை என் வீட்டிலிருந்து தருகிறேன். அவர்களில் சிலர் கறி உண்ணாதவர்கள். அவர்களுக்கென்று சாம்பார் வாளி ஒன்று தனியே இருக்கட்டும். பந்தி தனியே வேண்டாம்.

வியாழன் மாலை கமிட்டி மீண்டும் கூடுகிறது. ரயில்வேயில் பணிசெய்து ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஒருவர், சம்மதம் கிடைத்தால் அழைப்பை இந்தியில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம் சேருவதற்கு முன் ஐந்து மணிக்கு, அவரும் நானும் நேரில் போய்க் கொடுப்போம். கூட வர விரும்புகிறவர்கள் ஆலய வாசலுக்கு வாருங்கள்.