பையை மாற்றிய அண்ணன்

1994 வசந்த காலத்தில் முதன்முறையாகப் பிரான்சுக்குப் போனேன். ஈட்டிய விடுப்பு 45 நாள். துறை அனுமதிக் கடிதம் கைக்கு வருவதற்கே அதைவிட அதிக நாள் ஆயிற்று. அண்ணன் வீடு பாரிசுக்கு வடக்கே சார்செலில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில். நம் ஊர்க்காரர்கள் அங்கே நிறைய என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பட்டாளத்தில் இருந்த அண்ணன் 1962இல் பிரஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டார். அப்பா போடவில்லை. ஆகவே அவர் சொல்தா, நான் புதுவை அரசில் கிளார்க்.

போன மூன்றாம் நாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய கடை ஒன்று இருந்தது. அதைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்து, தகரக் கொட்டகை மாதிரி இருந்த இன்னொரு கடைக்குப் போனோம். உள்ளே நுழையும் முன் கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதில் அந்தப் பெரிய கடையின் பெயர் அச்சாகியிருந்தது.

“இங்க பை சும்மா குடுக்க மாட்டான்டா, காசு கேப்பான்” என்றார்.

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை திரும்பி வரும்போது லிஃப்டில் தெரிந்தது. நான்காம் மாடியில் ஒரு காரைக்கால் அம்மாள் இருந்தார். அவர் ஏறியதும் அண்ணன் பையைத் திருப்பி, பெயர் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொண்டார். பட்டாளத்துக்காரர், யாருக்கும் பயந்தவர் இல்லை. அந்தக் கடைக்குப் போகிறவர் என்று பெயர் வாங்க மட்டும் அவருக்கு மனமில்லை.

அந்த மாதிரிக் கடைகளைப் பிரஞ்சுக்காரர்கள் இங்கிலீஷிலேயே ‘ஹார்ட் டிஸ்கவுண்ட்’ என்பார்கள். அரசாங்கம் அதற்கு ‘மாக்ஸிதிஸ்கோந்த்’ என்று முறையான பிரஞ்சுச் சொல் ஒன்று வகுத்தது. நான் பிரஞ்சில் படித்தவன், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் அதைக் கேட்டதில்லை. அண்ணன் ‘மட்டக் கடை’ என்பார். அந்தக் கடை எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாம் ஒரே அச்சுதான்.

நான் அப்போது ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன. ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதியவனுக்கு எந்தக் கடைக்குள் போனாலும் மனம் அயிட்டங்களை எண்ண ஆரம்பித்துவிடும். அந்தக் கடையில் எண்ணுவது சுலபம். பட்டாணி டின் ஒரே ஒரு வகை. எண்ணெய் இரண்டு வகை. அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து, மரப் பலகையோடு அப்படியே தரையில் வைத்திருந்தார்கள். கல்லாவில் இருந்த பெண் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுந்து போய்ப் பெட்டி பிரித்தார். வரிசை சேர்ந்ததும் ஓடி வந்து உட்கார்ந்தார். பெரிய கடையில் பல பத்தாயிரம் வகைச் சரக்கு. இங்கே மொத்தமே ஆயிரம் இருந்தால் அதிகம்.

மலிவின் சூட்சுமம் அந்த ஆயிரத்தில்தான் இருக்கிறது. சரக்கு மட்டம் என்று நினைப்பது தவறு. எங்கள் அலுவலகத்தில் ஐந்து தினுசுக் காகிதம் கேட்டு இன்டென்ட் போட்டால் ஐந்து டெண்டர், ஐந்து விலை. ஒரே தினுசை ஐந்து மடங்கு கேட்டால் வியாபாரி தானாகவே இறங்கி வருவான். இவர்களும் அப்படியே. நாடு முழுதும் உள்ள கடைகளுக்கு ஒரே பட்டாணி டின்னை ஒரே தொழிற்சாலையிடம் வாங்குகிறார்கள். மேலே ஒட்டுகிற பெயர் அவர்களுடையது, விளம்பரச் செலவு இல்லை. சரக்கு சில நாளிலேயே விற்றுப் பணமாகிவிடும், சப்ளையருக்குப் பணம் தருவது அதற்குப் பிறகு.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியின் எசன் நகரத்து ஆல்பிரெக்ட் சகோதரர்கள், கார்லும் தியோவும். சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் அம்மா நடத்திய சிறு மளிகைக் கடையை, போர் முடிந்த கையோடு ஏற்று நடத்தினார்கள். தோற்ற நாட்டில் பல வகைச் சரக்கு வைக்க யாரிடம் முதல் இருந்தது? இருந்த கொஞ்சத்தை விற்றார்கள், அதுவே நல்ல வழி என்று கண்டுகொண்டார்கள். பிறகு சிகரெட் விற்கலாமா கூடாதா என்ற தகராறில் வடக்கு, தெற்கு என்று கம்பெனியைப் பிரித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. 1962இல் வைத்த ஆல்டி என்ற பெயரே ‘ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட்’ என்பதன் சுருக்கம். உலகத்திலேயே பெரிய கடைக்காரரான அமெரிக்க வால்மார்ட் ஜெர்மனிக்கு வந்து இவர்களோடு மோதிப் பார்த்து, 2006இல் மூட்டை கட்டிக்கொண்டு போனது.

பிரான்சில் ‘எட்’ என்ற உள்நாட்டுக் கடை 1978இலேயே இருந்தது. ஜெர்மன் கடைகளான ஆல்டியும் லிட்லும் 1980களின் கடைசியில்தான் வந்தன. லீடர் பிரைஸ் 1989. வந்து காலூன்றுவதற்குள் 1993 நெருக்கடி. நாட்டின் உற்பத்தி சுருங்கி, வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. நான் போன 1994இல் எந்த வீட்டில் பேச்செடுத்தாலும் யாருக்கு வேலை போயிற்று என்பதுதான்.

அரசு 1996இல் இரண்டு சட்டம் கொண்டுவந்தது. கோப்போடு வாழ்ந்த எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ரஃபரேன் சட்டம், 300 சதுர மீட்டருக்கு மேல் கடை திறக்க முன் அனுமதி வேண்டும் என்றது. அதுவரை இருந்த வரம்பு இதைவிடப் பல மடங்கு பெரியது. மட்டக் கடைகள் அந்த வரம்புக்கு உள்ளே அடங்கியதால்தான் ஊரெல்லாம் முளைத்தன. கலான் சட்டம், வாங்கிய பில் விலைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக் கூடாது என்றது. சிறு கடைக்காரரைக் காப்பதற்காகப் போட்ட சட்டம். நடந்ததோ வேறு. பெரிய கடைகளில் பெயர்பெற்ற சரக்குகளின் விலை எங்கும் ஒன்றாகி, மெல்ல ஏறவும் செய்தது. சொந்தப் பெயரில் விற்கும் மட்டக் கடைக்கு அந்தச் சட்டம் பெரிதாகத் தடையில்லை, விலை வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சட்டம் போட்டவர்கள் வடக்கே போகச் சொன்னால் வண்டி தெற்கே போகும் என்பதை நம் செக்ரடேரியட்டிலும் நிறையப் பார்த்திருக்கிறோம்.

நான் ஓய்வு பெற்றது 2008இல். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் லீமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. 2009 பிப்ரவரியில், கடுங்குளிரில், மறுபடி சார்செல் போனேன். அண்ணனுக்கு 71 வயது. அதே பத்து நிமிட நடை, இப்போது இருபது நிமிடம். கோட்டுப் பையில் அதே போல் மடித்த பெரிய கடைப் பை.

கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லை. அதுவும் நல்ல நல்ல கார்கள். கல்லா வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்காம் மாடிக் காரைக்கால் அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, நீங்களும் இங்கதான் வர்றீங்களா?”

“ஆமாம்மா, இப்பத்தான் கொஞ்ச நாளா” என்றார் அண்ணன். பதினைந்து வருடமாக வருகிறவர்!

“நாங்களும்தான். மகனுக்கு வேலை போயிடுச்சு” என்றார் அந்த அம்மாள், எந்தக் கூச்சமும் இல்லாமல். அன்று லிஃப்டில் அண்ணன் பையைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

கஷ்ட காலத்தில் இந்தக் கடைகள் வளர்வது ஏழைகளால் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஏழை எப்போதும் அங்கேதான் இருக்கிறான். நேற்றுவரை பெரிய கடைக்குப் போனவன் வருவதால்தான் வளர்கிறது. எல்லோரும் வந்துவிட்டால் வெட்கப்பட யாரும் மிச்சம் இல்லை.

கடைக்காரர்களுக்கும் அது நல்ல காலம். 2008 ஆகஸ்டில், நெருக்கடி முற்றுவதற்குச் சற்று முன்பே, பிரஞ்சு அரசு அந்த 300 சதுர மீட்டரை 1000 ஆக்கிவிட்டது. விற்காமல் இயந்திரத்தைச் சும்மா போட்டிருக்கும் தொழிற்சாலை, நேற்று மறுத்த விலைக்கு இன்று சம்மதிக்கும். வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அடுத்தவன் கடையை மூடினால் இடமும் கிடைக்கும். அதே குளிர்காலத்தில் இங்கிலாந்தில் வுல்வொர்த்ஸ் தன் 800க்கும் மேற்பட்ட கடைகளை மூடியது. அப்போது எல்லாவற்றையும் ஒரு பவுண்டுக்கு விற்ற பவுண்ட்லாண்ட் மாதிரிக் கடைகள் அந்தக் காலி இடங்கள் பலவற்றில் போய் உட்கார்ந்தன.

பெரிய கடைகள் சும்மா இருக்கவில்லை. லெக்லேர் 2006இலேயே யார் விலை குறைவு என்று காட்டும் இணையதளம் தொடங்கி, போட்டிக் கடையான கார்ஃபூரால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டது. 2009இல் அந்தக் கார்ஃபூரே ‘கார்ஃபூர் டிஸ்கவுண்ட்’ என்ற பெயரில் 400 சரக்குகளை இறக்கியது. அண்ணன் மகன் அதில் ஒரு பாக்கெட் நூடுல்ஸை மட்டக் கடைப் பாக்கெட்டோடு வைத்து ஒப்பிட்டான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய கடைக்காரன் இந்தச் சரக்கில் லாபத்தை விட்டாலும், பக்கத்து அலமாரியில் இருக்கும் சீஸிலும் ஒயினிலும் பிடித்துவிடுவான். மட்டக் கடையில் பிடிப்பதற்குப் பக்கத்து அலமாரி கிடையாது. ஜெர்மனியில் நடந்தது பிரான்சில் நடக்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். கூட்டம் வந்தது உண்மை, ஆனால் காலம் கொஞ்சம் தெளிந்ததும் பாதி பேர் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள்.

போனவர்களைத் திரும்பப் பிடிக்கக் கடை தன்னை மாற்றிக்கொண்டது. லிட்ல் 2012இல் இனித் தான் ஹார்ட் டிஸ்கவுண்ட் இல்லை என்றே அறிவித்தது. ரொட்டி அடுப்பு, நல்ல விளக்கு, பெயர்பெற்ற சரக்குகள் எல்லாம் வந்தன. மாற முடியாதவை கரைந்தன. எட் கடைகள் தியா ஆயின, தியா கார்ஃபூருக்குப் போயிற்று. 2020இல் லீடர் பிரைஸ் கடைகளில் 500க்கும் மேற்பட்டவற்றை ஆல்டியே வாங்கிக்கொண்டது. நம் ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் துணி அள்ளிய பார்பெஸ் ‘தாத்தி’ கடையும் மூடிவிட்டது. அந்த இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட பை எத்தனை வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறதோ.

கடைசியாக நான் போனது 2017இல். அண்ணனுக்கு 79 வயது, கையில் தடி. அந்தக் கடையை அடையாளமே தெரியவில்லை. கண்ணாடி முகப்பு, உள்ளே சுடச்சுட ரொட்டி மணம், சால்மன் மீன், இயற்கை விவசாயக் காய்கறி. கோட்டுப் பையிலிருந்து அவர் எதையும் எடுக்கவில்லை. கடையின் பெயர் போட்ட பையையே காசு கொடுத்து வாங்கினார்கள் எல்லோரும், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை இப்போது.

அண்ணன் மட்டும் கடைக்குள் தடுமாறிக்கொண்டிருந்தார். பட்டாணி டின் முன்னால் நின்று தேடினார். ஒன்று இருந்த இடத்தில் ஐந்தாறு வகை, கண்ணுக்கு நேராக அழகான லேபிள் போட்டவை. ஒன்றை எடுத்து விலை பார்த்து வைத்தார், இன்னொன்றை எடுத்து வைத்தார். அவருடைய ரெத்ரெத் 2009இல் இருந்ததைவிடப் பெரிதாக ஏறிவிடவில்லை.

“பழைய டின் எங்கடா?”

நான் சுற்றிப் பார்த்தேன். இருந்தது, தரையை ஒட்டிய கடைசித் தட்டில், கிழித்த அட்டைப் பெட்டியிலேயே.

“கீழ வெச்சிருக்கான் அண்ணே.”

“என்னால குனிய முடியாது. நீ குனிஞ்சு எடு. நாலா எடுத்துடு, மறுபடி எப்ப வருவோமோ” என்றார். எனக்கும் முட்டி வலிதான். குனிந்து எடுத்தேன்.