ஆறு டிரைவ்கள் கொண்ட கணினி

குறுந்தகடு அழியாதது என்று நாம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஒலிநாடா சிக்கும், இழுபடும், பூஞ்சை பிடிக்கும்; ஒளியால் படிக்கப்படும் தகட்டுக்கு அந்தத் தேய்மானம் இல்லை என்றார்கள். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் நண்பர் வட்டம் 2003 முதல் இலக்கியக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைக் குறுந்தகடுகளில் சேர்த்துவைக்கத் தொடங்கியது. 700 மெகாபைட் கொள்ளும் ஒரு தகட்டில், எம்பி3 வடிவில், ஏறக்குறைய 12 மணி நேரப் பேச்சு அடங்கும். நான்கைந்து கூட்டங்கள் சேர்ந்ததும் ஒரு தகடு தயாராகும். அதன் 30 பிரதிகள் வெளியூர் நண்பர்களுக்குத் தபாலில் போகும்.

ஒற்றை ரைட்டரில் 30 பிரதிகள் எடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும். ஆகவே 2005-ல் நான்கு ரைட்டர்கள் பொருத்திய கணினி ஒன்றை வீட்டில் அமைத்தேன். அன்றைய ஐடிஇ கேபிள் ஒன்றில் இரண்டு டிரைவ்களை மாட்டலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் வழி கிடைக்கும். எழுதும் லேசருக்கோ தரவு இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும். பழைய ரைட்டர்களில் அது தடைபட்டால் தகடே வீண். தடையைச் சமாளிக்கும் நுட்பம் வந்த பிறகும் வேகம் சரியும். எனவே கூடுதல் கார்டு ஒன்றைச் சொருகி, ஒவ்வொரு ரைட்டருக்கும் தனிக் கேபிள் கொடுத்தேன். 16 மடங்கு வேகத்தில் ஒரு தகடு எழுதி முடிக்க ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒரு மணி நேரத்தில் 30 பிரதிகளும் கைக்கு வந்துவிடும்.

2023-ல், மறைந்த ஒரு விமர்சகரின் உரைகளைத் தொகுக்கும் முயற்சி தொடங்கியது. அவர் எழுதியது குறைவு, பேசியது அதிகம். அவருடைய முக்கியமான உரைகள் எங்கள் தகடுகளில் மட்டுமே இருந்தன. என்னிடமிருந்தவற்றில் மூன்றில் ஒன்று திறக்கவே இல்லை.

காரணம் எளியது. கடையில் விற்கும் பாட்டுத் தகட்டில் குழிகள் அச்சிலேயே பதிந்திருக்கும். நாம் வீட்டில் பதியும் தகட்டிலோ எழுத்து நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றிவிடும். அதன்மேல் ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சு; அதற்கும் மேல் வெறும் அரக்குப் படலம். பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைக் காப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள பிளாஸ்டிக். நாம் பேனாவால் அழுத்தித் தலைப்பு எழுதிய மேல்பக்கமே உண்மையில் தகட்டின் உயிர்நிலை.

நண்பர்களின் பரண்களிலிருந்து கிடைத்த தகடுகளையெல்லாம் வரவழைத்தேன். அவற்றைப் படிக்க இரண்டாவது கணினி ஒன்று தேவைப்பட்டது. இன்றைய கேபினட்டுகளில் டிவிடி டிரைவுக்கு இடமே அநேகமாக இருப்பதில்லை. ரிச்சி தெருவில் தேடி, ஆறு டிரைவ்கள் அடங்கும் பழைய டவர் கேபினட் ஒன்றை வாங்கினேன். டிரைவ்களை வேண்டுமென்றே வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகளாகப் பொறுக்கினேன். மதர்போர்டில் நான்கு சாட்டா இணைப்புகளே இருந்ததால் ஒரு கார்டு கூடுதலாக வேண்டியிருந்தது. ஆறு மோட்டார்களும் ஒரே சமயத்தில் சுழலத் தொடங்கும்போது தாக்குப்பிடிக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் மாட்டினேன். இயங்குதளம் லினக்ஸ். தகட்டைப் போட்டதும் பிரதியெடுப்பு தானே தொடங்கும். முடிந்ததும் தட்டு வெளியே நீளும்.

ஆறு டிரைவ்கள் இருப்பது அவசரத்துக்காக என்றுதான் எவரும் எண்ணுவார்கள். எனக்கு அவை வேண்டியிருந்தது பொறுமைக்காக. நலமான தகடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நோயுற்ற தகட்டை வேகத்தைக் குறைத்து, படிக்க மறுத்த இடங்களுக்கு மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று படிக்க வேண்டும். ஒரு தகடு இரவு முழுவதும் ஒரு டிரைவை அடைத்துக்கொள்ளும். மற்ற ஐந்தும் வேலையைத் தொடர்ந்தால்தான் அதற்கு அந்த இரவைக் கொடுக்க முடியும். ஒரு டிரைவ் கைவிரித்த தகட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதும் உண்டு.

இதற்கு உதவியது டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். தகட்டின் எந்தெந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அது ஒரு வரைபடம் வைத்துக்கொள்கிறது. அதே உரையின் வேறொரு பிரதியைப் போட்டால், விடுபட்ட இடங்களை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்புகிறது. 2005-ன் கணினியில் 30 பிரதிகளையும் ஒரே பிம்பக் கோப்பிலிருந்து எழுதியிருந்தோம். அதனால் அவை செக்டருக்குச் செக்டர் ஒத்திருந்தன. திருச்சித் தகட்டின் ஓட்டையை நாகர்கோவில் தகடு அடைத்தது. இரண்டிலும் இல்லாததைப் பெங்களூர்த் தகடு கொடுத்தது.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடுகள் தேடியதையும், பிரதிகளை ஒப்பிட்டுச் சிதைந்த இடங்களைச் சரிபார்த்ததையும் நாம் வியந்து படித்திருக்கிறோம். அவர் செய்தது அறிவின் வேலை. இந்தக் கணினி செய்வது வெறும் இயந்திர வேலை. ஆனாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. யாரோ முன்பு பல படிகள் எடுத்திருக்க வேண்டும். அவை பல வீடுகளில் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் பத்திரமாகப் பூட்டிவைத்த ஒற்றைப் பிரதியாக இருந்திருந்தால், எந்தத் திறமையாலும் அதை மீட்டிருக்க முடியாது.

விமர்சகரின் உரைகளில் மிக நீளமானது மூன்று தகடுகளிலிருந்து கூடிவந்தது. 11 செக்டர்கள் மட்டும் எதிலும் கிடைக்கவில்லை. ஒரு செக்டர் 2,048 பைட். எங்கள் பதிவில் அது ஏறக்குறைய ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கு. ஆக, ஒன்றரை நொடிக்கும் குறைவான குரல் போய்விட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது: இருமல், மின்விசிறியின் ஓசை, கேள்வி கேட்டவரை அவர் செல்லமாகக் கடிந்துகொண்டது.

மீட்ட கோப்புகள் இப்போது வெவ்வேறு ஊர்களில் மூன்று வன்தட்டுகளில் இருக்கின்றன. வன்தட்டும் சாகும். ஓலை செல்லரிக்கும் முன்பே புது ஓலையில் படியெடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அவர்கள் ஓலையை நம்பவில்லை. அடுத்துப் படியெடுக்கப்போகிறவனை நம்பினார்கள்.