கொல்லும் முன் ஒரு சொல்

உழைப்பவர் எல்லோரும் ஊர் கண்ணில் படுவதில்லை. கணிப்பொறியும் அப்படித்தான். திரையில் நாம் திறந்து வைத்திருப்பவை இரண்டே சாளரங்களாக இருக்கலாம். உள்ளேயோ நூற்றுக்கு மேற்பட்ட செயல்கள் ஓடிக்கொண்டிருக்கும். எது நினைவகத்தை அடைத்திருக்கிறது, எது செயலியை ஓயவிடாமல் வாட்டுகிறது என்று பட்டியலிட்டுக் காட்டும் கருவியே டாஸ்க் மேனேஜர். டேவ் பிளம்மர் என்ற பொறியாளர் எழுதிய இந்நிரல், 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0-இல் இடம்பெற்றது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் இன்றும் வந்து நிற்கும்.

எங்களில் பலருக்கு வீட்டில் கணிப்பொறி கிடையாது. ஆய்வகத்தில் கிடைக்கும் நேரமே நேரம். அடுத்த வகுப்பினர் வாசலில் காத்திருக்கையில் திரை உறைந்துவிட்டால் நெஞ்சும் உறைந்துவிடும்! என் வகுப்புத் தோழி ஒருத்தி திட்ட அறிக்கையின் பதினொன்றாம் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திடீரென்று, 'பதிலளிக்கவில்லை' என்ற சொல் சாளரத்தின் தலையில் தோன்றியது.

"மெயின் சுவிட்சை அணைச்சுப் போடு!" என்றனர் சுற்றி நின்றோர்.

அவள் அணைக்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்க்' என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்கினாள். முதலிடத்தில் நின்றது அவளுடைய நிரல் அன்று. வைரஸ் தடுப்பு நிரல் வட்டு முழுவதையும் துருவிக்கொண்டிருந்தது. காத்திருந்தாள். சில நிமிடங்களில் அறிக்கை உயிர்பெற்றது. பதினொரு பக்கங்களும் பிழைத்தன.

ஒரு சாளரம் ஐந்து வினாடிகள் செவிசாய்க்காவிட்டால் விண்டோஸ் அந்த முத்திரையைக் குத்திவிடும். அது மரணச் சான்றிதழ் அன்று. வேறு எதற்காகவோ காத்திருப்பவனும் பேசாமல்தானே இருப்பான்?

லினக்ஸில் 'கில்' என்றொரு கட்டளை உண்டு. பெயர்தான் கொடியது. எண் எதுவும் குறிக்காமல் கொடுத்தால், 15-ஆம் எண் சமிக்ஞை செல்லும். "முடித்துக்கொள்" என்ற வேண்டுகோள் அது. நன்றாக எழுதப்பட்ட நிரல் அதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதி, கோப்புகளை மூடிவிட்டு விடைபெறும். செவிமடுக்காத நிரலுக்கு 9-ஆம் எண் இருக்கிறது. அதைத் தடுக்க எந்த நிரலாலும் இயலாது. மூட்டை கட்டவும் அவகாசம் இல்லை. பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நின்றுவிடும். அவசரக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே 9-ஐ ஏவுவதைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

நிறுத்தவே கூடாது என்பதன்று என் வாதம். கட்டுக்கடங்காமல் ஓடும் ஒரு நிரல், பிற நிரல்கள் அனைத்தையும் பட்டினி போட்டுவிடும். அதை நிறுத்தியே தீரவேண்டும். ஆனால் முதலில் பார்க்கவேண்டும்; பிறகு கேட்கவேண்டும்; அதன் பிறகே அகற்றவேண்டும்.

நண்பர்களே! அடுத்த முறை உங்கள் கை சுவிட்சை நோக்கி நீளும்போது, அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். குற்றவாளி என்று நீங்கள் நினைத்தது, வரிசையில் காத்து நிற்கும் அப்பாவியாக இருக்கலாம். அதன் கையில் உங்கள் ஒரு வார உழைப்பும் இருக்கலாம்.