சாவி கையில... காசு பேங்க்ல!

வீட்டுக்கு வீடு ஒரு நிதியமைச்சர் இருக்கார். அப்பான்னு நினைச்சா தப்பு. காலேஜ் படிக்கிற நீங்கதான்! கரன்ட் பில் கட்டணுமா, கேஸ் புக் பண்ணணுமா, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு பென்ஷன் ஏறிடுச்சான்னு பார்க்கணுமா... ‘டேய், அந்த போனை எடுடா’ன்னு ஒரு குரல் வரும். நாமளும் பந்தாவா எடுத்து ரெண்டு தட்டு தட்டிட்டு, டீ வாங்கிக் குடிச்சுட்டுப் போயிடுவோம்.

அதெல்லாம் ஐந்நூறு, ஆயிரம் சமாச்சாரம். லட்சக்கணக்குல காசு கை மாறுற நாள் ஒண்ணு வரும் பாருங்க... வீட்டு வண்டியை விக்கிற நாள். ‘பணத்தை எப்படி வாங்குறது?’ன்னு மொத்தக் குடும்பமும் உங்க மூஞ்சியைப் பார்க்கும். எனக்கு அந்த நாள் பி.காம் மூணாவது வருஷம் படிக்கும்போது வந்துச்சு.

எங்க ஊர் ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை மேல இருக்கு. போளூர்ல பஸ் ஏறினா வளைவு வளைவா சுத்தி மேல வரணும். சாமை, தேன், பலாப்பழம், பீமன் அருவி... இதெல்லாம் எங்க பெருமை. இதே மலையில காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப் வச்சு நட்சத்திரம் பார்க்கிறாங்க. எங்க கிராமத்துல நாங்க செல்போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிச்சு சிக்னல் தேடுறோம். கதைக்கு இந்த சிக்னல் முக்கியம்.

விக்க வேண்டிய வண்டி என் தாய்மாமாவோட 2012 மாடல் பொலீரோ. ராத்திரி பிரசவ வலின்னா அந்த வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். கல்யாணம்னா அதே வண்டிக்கு வாழைமரம் கட்டுவாங்க. அதை விக்க மாமாவுக்கு மனசே இல்லை. ஆனா அத்தையோட நாலு பவுன் அடகுல இருந்துச்சு. ஏலத்துக்கு வரப்போகுதுன்னு நோட்டீஸும் வந்தாச்சு. வண்டி போனாலும் பரவாயில்லை, அத்தை கழுத்து வெறுமையா இருக்கக்கூடாதுன்னு மாமா முடிவு பண்ணிட்டார். ஆன்லைன்ல போட்டோ போட்டு விளம்பரம் கொடுத்தேன். விலை 2,60,000 ரூபாய்.

முதல் போன் அன்னைக்கு சாயங்காலமே!

‘மிலிட்டரி’ சார் பேசறார்

‘நான் ஆர்மியில இருக்கேன். வண்டியை நேர்ல பார்க்கவே வேண்டாம். பிடிச்சிருக்கு. அட்வான்ஸ் இப்பவே அனுப்பறேன். ஒரு க்யூ.ஆர். கோடு வரும், ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்.’

ராணுவத்துக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இருக்காது. பழைய பொருள் விக்கிற விளம்பரங்களைத் துரத்துற பழைய மோசடி இது. யு.பி.ஐ.ல பின் நம்பர் போடுறது பணம் கொடுக்கவோ, நம்ம பேலன்ஸைப் பார்க்கவோதான். வாங்குறதுக்குப் பின் தேவையே இல்லை. இதை மாமாவுக்கு விளக்கலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரே கேட்டார்: “ஏன் மாப்ள, நம்ம வீட்டுக்குக் காசு வர்றதுக்கு நம்ம பீரோவை எதுக்குடா திறக்கச் சொல்றான்?”

அவ்வளவுதான். எந்தப் பேராசிரியரும் இதைவிட சிம்பிளா சொல்ல முடியாது. தனிநபர்கிட்ட யு.பி.ஐ.ல ‘பணம் கொடு’ன்னு கோரிக்கை அனுப்புற வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திட்டாங்க. ஆனா க்யூ.ஆர். அனுப்பி ‘பின் போடுங்க’ன்னு கேக்குற கும்பல் இன்னும் ஓயலை.

ரெண்டாவது போன் இன்னும் நைஸ். ‘விலை பேச்சே வேண்டாம், நீங்க கேட்டதையே தர்றேன். என் தம்பி வந்து வண்டியைப் பார்ப்பான். அவன்கிட்ட விலை பத்தி மட்டும் பேசாதீங்க, குடும்ப விஷயம்.’ இதுல என்ன சூழ்ச்சின்னா, அந்த ‘தம்பி’ உண்மையிலேயே வண்டி வாங்க வர்ற ஒரு அப்பாவி. நம்ம விளம்பரத்தையே காப்பியடிச்சு குறைஞ்ச விலை போட்டு அவரைப் பிடிச்சிருப்பான். நம்மளை அவர்கிட்ட ‘என் அண்ணன்’னு சொல்லி வச்சிருப்பான். வண்டியைப் பார்த்துத் திருப்தியாகி, அவர் பணத்தை நடுவுல இருக்கிறவனுக்குப் போட்டுடுவார். கடைசியில வண்டிகிட்ட நின்னு அடிச்சுக்கப் போறது நாமளும் அவரும்! அதனால, வண்டி பார்க்க வர்றவர்கிட்ட நேரா விலையைப் பேசணும். பேசாதேன்னு யாராவது சொன்னா அங்கயே கட் பண்ணிடணும்.

நிஜமான ஆள் வந்தார்

மூணாவதா வந்தவர் போளூர் பக்கத்து காய்கறி வியாபாரி. நேர்ல வந்து, பானெட்டைத் திறந்து, மலை இறக்கத்துல ஓட்டிப் பார்த்து, அரை மணி நேரம் பேரம் பேசினார். மாமா கேட்ட விலையிலதான் வந்து நின்னுச்சு. நல்ல மனுஷன். சிக்கலே அதுக்கப்புறம்தான்!

“மொத்தமும் ரொக்கமா கொடுத்துடறேன்” என்றார். மாமா முகத்துல பிரகாசம். நான் குறுக்கே வந்தேன். 2017 ஏப்ரல் 1 முதல் ஒரே பரிவர்த்தனையில 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது. வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் வரலாம். அதுவும் வாங்கினவருக்கு! ‘இன்னைக்கு ஒன்றரை, நாளைக்கு மிச்சம்’னு பிரிச்சாலும் வியாபாரம் ஒண்ணுதானே, தப்பிக்க முடியாது. கள்ள நோட்டு பயம், பையில கட்டுக் கட்டா வச்சுக்கிட்டு பஸ்ல போற பயம்... அது தனி.

“அப்போ போன்ல அனுப்பிடறேன்” என்றார். யு.பி.ஐ.ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்ப வழக்கமா ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் வரம்பு. எங்க ஊர் சிக்னலுக்கு அவர் போன்ல ‘அனுப்பியாச்சு’ன்னு காட்டி, மாமா போன் மௌன விரதம் இருந்தா யாரு சாட்சி? பச்சை டிக் போட்ட ஸ்கிரீனைக் காட்ட இப்போ போலி ஆப்பே இருக்கு. எஸ்.எம்.எஸ்.கூட போலியா அனுப்புறாங்க. பணம் வந்திருக்கான்னு பார்க்கிறதுக்கு ஒரே இடம், நம்ம அக்கவுன்ட் பேலன்ஸ்.

“சரி, செக்?” செக்ங்கிறது வாக்குறுதி. காசாகிற வரைக்கும் அது வெறும் பேப்பர். 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் வேகமாகிடுச்சு, பெரும்பாலும் அன்னைக்கே ரிசல்ட் தெரிஞ்சுடும். ஆனா அந்த சில மணி நேரத்துல வண்டி ஆந்திரா பார்டரைத் தாண்டிடும்! பவுன்ஸ் ஆனா பிரிவு 138-ல கேஸ் போடலாம். பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், 15 நாள் டைம் கொடுக்கணும், அப்புறம் கோர்ட். அத்தை நகை அதுவரை காத்திருக்குமா? டி.டி. இதைவிடப் பரவாயில்லை, பவுன்ஸ் ஆகாது. ஆனா போலி டி.டி.யும் உண்டு. வாங்கினா, அவரோட பேங்க் கவுன்ட்டர்ல நம்ம கண் முன்னாடி எடுத்ததா இருக்கணும்.

கடைசியா அவர் சொன்னதுதான் வில்லங்கம். “என் அக்கவுன்ட் எதுக்கு தம்பி? மச்சான் அக்கவுன்ட்ல பணம் இருக்கு. அவனைப் போடச் சொல்றேன்.”

கேட்க சாதாரணமா இருக்கு, இல்லையா? நான் இதுக்குத்தான் ரொம்ப பயந்தேன். யாரோ ஒருத்தர் அக்கவுன்ட்ல இருந்து பணம் வந்து, அது எங்கயோ ஆன்லைன் மோசடியில சிக்கின காசுன்னு புகார் போச்சுன்னா, போலீஸ் அந்தப் பணம் போன பாதையிலயே வரும். வழியில இருக்கிற அக்கவுன்ட்ல அந்தத் தொகை முடங்கும். சில நேரம் அக்கவுன்ட்டே முடங்கும். வண்டியும் போய், காசும் கையில இல்லாம, நாம நல்லவங்கதான்னு நிரூபிக்க நாமதான் அலையணும்.

இதைச் சொன்னதும் வியாபாரி முகம் சுருங்கிடுச்சு. “என்ன தம்பி, என்னை நம்ப மாட்டியா?”

மாமா என் கையைப் பிடிச்சு அழுத்தினார். மலையில வாய்ச்சொல்லுக்கு மரியாதை ஜாஸ்தி. வீடு தேடி வந்து டீ குடிச்சவரை சந்தேகப்படுறது அவருக்குக் கூச்சமா இருந்துச்சு. எனக்கும்தான்.

பயம் ரெண்டு பக்கமும்!

அப்போ நான் அவரைக் கேட்டேன்: “அண்ணே, நீங்க ரெண்டரை லட்சத்தை முதல்லயே போட்டுட்டீங்கன்னு வச்சுக்குவோம். ‘வண்டி தரமாட்டேன் போ’ன்னு நாங்க சொன்னா என்ன பண்ணுவீங்க?”

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சிரிச்சார். “அதே யோசனைதான் தம்பி எனக்கும். வர்ற வழியெல்லாம் அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

பாருங்க, விஷயமே இதுதான். விக்கிறவருக்குப் பணம் வராதோன்னு பயம். வாங்குறவருக்கு வண்டி வராதோன்னு பயம். ரெண்டு பேரும் நல்லவங்கதான், ஆனா ரெண்டு பேரும் முதல் அடி எடுத்து வைக்க பயப்படுறாங்க. ரொக்கமா, செக்கா, ஆன்லைனாங்கிறதோட, எது முதல்ல, எது அடுத்துங்கிற வரிசையும், எந்த இடத்துல கை மாத்தறோம்ங்கிறதும் சரியா இருந்தா நம்பிக்கையை யாரும் யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை.

அங்கயே பேசி முடிச்சோம். அட்வான்ஸ் பத்தாயிரம் அவரோட சொந்த அக்கவுன்ட்ல இருந்து யு.பி.ஐ.ல. சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நடந்து போய், பேலன்ஸ் பார்த்து, ரசீது எழுதிக் கொடுத்தோம். மிச்சம் ரெண்டரை லட்சத்துக்கு, மச்சான்கிட்ட வாங்குறதைத் தன் அக்கவுன்ட்ல போட்டுக்கிட்டு, அங்கிருந்து அனுப்புறதா ஒத்துக்கிட்டார். மச்சான் பணத்துக்கு அவர் பொறுப்பு, அவர் பணத்துக்கு ரசீதும் ஃபாரமும் சாட்சி!

ரெண்டு நாள் கழிச்சு போளூர்ல அவரோட பேங்க்ல சந்திச்சோம். மாமா சட்டைப் பையில ரெண்டு சாவி. என் ஃபைல்ல ஆர்.சி. புக், 29-ம் நம்பர் ஃபாரம், 30-ம் நம்பர் ஃபாரம். கையெழுத்து இன்னும் போடலை. முதல்ல அவர் போன்ல இருந்து ஒரு ரூபாய் அனுப்பினார், அக்கவுன்ட் நம்பர் சரிதானான்னு பார்க்க. அப்புறம் கவுன்ட்டர்ல ஆர்.டி.ஜி.எஸ். ஃபாரம் நிரப்பினார். ரெண்டு லட்சமும் அதுக்கு மேலயும் அனுப்புறதுக்குன்னே இருக்கிற வழி அது. போன பணத்தை அனுப்பினவர் இஷ்டத்துக்குத் திரும்ப இழுக்க முடியாது.

ஏ.டி.எம்.ல மாமா கார்டைப் போட்டு மினி ஸ்டேட்மென்ட் எடுத்தேன். ரெண்டரை லட்சம், வியாபாரியோட பெயர்ல. மாமா அந்தத் துண்டுச் சீட்டை ரெண்டு தடவை படிச்சார். அப்புறம்தான் கையெழுத்து போட்டார். சாவியைக் கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்குச்சு. “இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வாங்க தம்பி, பிரேக்கை நம்பாதீங்க” என்றார் வியாபாரிகிட்ட. சாயங்காலமே அத்தை நகை திரும்பி வந்துச்சு.

காசு வந்தாச்சுன்னா கதை முடிஞ்சுதா?

இல்லை பாஸ்! ஆர்.சி.யில மாமா பேர் இருக்கிற வரைக்கும் அந்த வண்டிக்கு அவர்தான் பதில் சொல்லணும். பல கை மாறின ஒரு கார் விபத்துல, பேர் மாத்தாம விட்ட பழைய ஓனர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. மாநிலத்துக்குள்ள வித்தா, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாற்றத்துக்குப் போகணும். நாங்க அடுத்த வாரமே சேர்ந்து போய் முடிச்சோம். வண்டியை ஒப்படைச்ச தேதி, நேரம் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட பேப்பரும் பத்திரமா இருக்கு. அதுக்கப்புறம் ஏதாவது ஃபைன் வந்தா யாருதுன்னு அந்தப் பேப்பர் சொல்லும்.

சுருக்கமா, பர்ஸ்ல வச்சுக்க:

* வாங்குறவரோட சொந்த அக்கவுன்ட்ல இருந்து மட்டும் பணம் வரணும். மச்சான், நண்பர், ‘ஆபீஸ் அக்கவுன்ட்’ எதுவும் வேண்டாம்.

* ஸ்கிரீன்ஷாட், எஸ்.எம்.எஸ். ரெண்டையும் நம்பாம, உங்க பேலன்ஸைப் பாருங்க.

* பணம் வாங்க யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை.

* வெத்து ஃபாரத்துல கையெழுத்து போட்டுக் கொடுக்காதீங்க.

* நீங்க வாங்குறவரா இருந்தா, ஆர்.சி.யில ஃபைனான்ஸ் பாக்கி இருக்கான்னு பார்த்துட்டு, ஆர்.சி.யில இருக்கிற பேருக்கு மட்டும் பணம் போடுங்க.

* ரெண்டு பேரும் பேங்க்ல உட்காருங்க. பணம் ஏறின பிறகு கையெழுத்து, கையெழுத்துக்குப் பிறகு சாவி.

* ஏமாந்துட்டதா தெரிஞ்ச உடனே 1930-க்கு போன் போடுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

‘நம்பலையா?’ன்னு யாராவது மூஞ்சியைத் தூக்கினா கவலைப்படாதீங்க. டீ வாங்கிக் கொடுத்து, ‘உங்க பணமும் பத்திரமா இருக்கணும்ல அண்ணே’ன்னு சொல்லுங்க. நல்லவரா இருந்தா சிரிச்சுட்டு பேங்குக்கு வருவார். வராதவர்கிட்ட வண்டியை விக்காம இருக்கிறதே லாபம்!