இல்லை என்ற சொல்லுக்கு ஒரு கணக்கு

வணிக நுண்ணறிவுப் பிரிவின் பொறுப்பாளர் என்று என் முகவரி அட்டையில் அச்சிட்டிருக்கிறது. ஊரிலிருக்கும் என் பெரியம்மா இதைக் கேள்வியுற்று, "போலீஸ் உளவுப் பிரிவிலா சேர்ந்துவிட்டாய், தம்பி?" என்று அஞ்சினார். அவரது அச்சத்திலும் சிறிது நியாயம் உண்டு. மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை விற்கும் நிறுவனம் ஒன்றில், எந்தப் பாகம் எந்த ஊரில் எத்தனை விற்றது, அடுத்த மாதம் எத்தனை தேவைப்படும் என்று துப்புத் துலக்குவதே என் தொழில். கணக்குப் போடுவது கணிப்பொறி. அதனிடம் எதைக் கேட்பது என்று தீர்மானிப்பது மட்டுமே நான்.

அந்தக் கேட்கும் வித்தையைக் கணிப்பொறி எனக்குக் கற்பிக்கவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிப் பாகக் கடைகளை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். படிப்பு முடிந்ததும் அங்கே ஒரு கடையில் ஈராண்டுகள் எழுத்தராக இருந்தேன். முதலாளி அதிகம் படித்தவரல்லர். ஆனால் இரண்டு நோட்டுகள் வைத்திருந்தார். ஒன்றில் விற்றவை, மற்றொன்றில், வந்தவர் கேட்டும் நம்மிடம் இல்லாமல் திரும்பிப்போன பொருள்கள். மாலையில் கடையை அடைக்குமுன் இரண்டாவது நோட்டைத்தான் முதலில் புரட்டுவார். "வித்தது நமக்கே தெரியும், விக்காமப் போனதைத்தானப்பா எழுதி வைக்கணும்" என்பார்.

வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவதுபோல் இத்தொழிலில் பெரும்பொழுது வண்ண வரைபடங்களில் கழிவதில்லை. பட்டியலைத் திருத்துவதில் கழிகிறது. ஒரே பெயர், ஒரே ஆண்டு வண்டியாக இருக்கும். ஆண்டின் நடுவில் தொழிற்சாலை பிரேக்கை மாற்றியிருக்கும். பெயரை மட்டும் கேட்டுப் பாகத்தைக் கொடுத்தால், பொருந்தவில்லை என்று மெக்கானிக் மாலையில் திருப்பிக் கொண்டுவருவார். ஆகவே வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கேட்கிறோம். அதில் 17 எழுத்துகளும் எண்களும் உண்டு. அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டு மாடல் வண்டிகள் முதல் கட்டாயமான இம்முறை இன்று நம் நாட்டிலும் வழங்குகிறது. ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் இடம்பெறுவதில்லை. ஒன்றோடும் சுழியத்தோடும் மயங்கிவிடும் அன்றோ? எண்ணெய் படிந்த தகட்டை டார்ச் வெளிச்சத்தில் படித்துப் பார்த்தவர்கள், இவ்விதியை எழுதியவரை வாழ்த்துவார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பாரத் ஸ்டேஜ் ஆறு புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. புது வண்டிகளோடு புதுப் பாகங்களும் வந்து குவிந்தன. கிடங்கில் இடமில்லை. ஓராண்டாக விற்காத பாகங்களைப் பட்டியலிட்டுத் தருமாறும், அவற்றை வாங்குவதையே நிறுத்திவிடலாம் என்றும் மேலிடம் சொன்னது. பட்டியல் சில நிமிடங்களில் வந்துவிட்டது. அதில் பழைய சரக்கு வேன்களின் கிளட்ச் தட்டுகளும் பிரேக் சிலிண்டர்களும் நிறைய இருந்தன. காய்கறி ஏற்றியும் தண்ணீர்க் கேன் ஏற்றியும் பிழைப்பவர்களின் வண்டிகள் அவை. வண்டி நின்றால் அன்றைக்கு வீட்டில் வருவாய் நின்றது.

பட்டியலை அனுப்புமுன் இன்னொன்றையும் கேட்டேன்: இப்பாகங்கள் அவ்வாண்டில் கிளைகளில் எத்தனை நாள் இருப்பில் இருந்தன? சிலவற்றுக்கு ஆண்டின் பெரும்பகுதியும் இருப்பே இல்லை. இல்லாத பொருள் எப்படி விற்கும்? ஆயினும் கணிப்பொறியில் அது "விற்பனை சுழியம்" என்றே பதிவாகியிருந்தது. கேட்பாரற்றுக் கிடந்ததும், கேட்டவருக்குக் கிடைக்காததும் அங்கே ஒன்றாகிவிட்டன.

மேலாளர் கூட்டத்தில் இதை விளக்க ஆபிரகாம் வால்டு என்னும் கணித அறிஞரைத் துணைக்கு அழைத்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், போர்முனையிலிருந்து திரும்பிய விமானங்களின் குண்டுத் துளைகளைக் கொண்டு, திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று கணிக்க வழி கண்டவர் அவர். திரும்பி வந்தவற்றை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம் என்பதே அதன் சாரம். இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்த அவர், 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு மாண்டார். விமானக் கணக்கால் பேர்பெற்றவருக்கு விமானத்திலேயே முடிவு!

நான் கேட்ட அனைத்தும் கிடைக்கவில்லை. உண்மையிலேயே தேங்கிய சரக்கு நீக்கப்பட்டது, அது முறையே. மற்றவை கிளைகளில் இல்லாமல் நடுக்கிடங்கு ஒன்றில் மட்டும் வைக்கப்பட்டன. கேட்டால் இரவு பஸ் பார்சலில் போகும். வேன்காரருக்கு ஒரு நாள் நட்டம் ஆகவே செய்கிறது. கிளைகளின் கணிப்பொறியில் "இல்லை" என்று ஒரு பொத்தானும் சேர்த்தோம். கூட்ட நேரத்தில் அதை அழுத்த எவருக்கும் பொறுமையில்லை. ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை ஏதேனும் ஒரு கிளையில் கல்லாவுக்கு அருகே அமர்ந்து, வெறுங்கையோடு திரும்புவோரை நானே எண்ணுகிறேன். சென்ற முறை மதுரையில் 11 பேர் திரும்பினார்கள். பதிவில் இருந்தது 2.