கல்வராயன் மலையில் நாங்கள் எடுக்காத படங்கள்

ஒளிப்படக் கலையில் தேர்ந்தவர்கள் தாங்கள் எடுத்த படங்களைப் பற்றி எழுதுவர். நாங்களோ எடுக்காத படங்களைப் பற்றி எழுதுகின்றோம். கால் நூற்றாண்டுக்கும் முன்னர் மாணவர்களாய் இருந்தபோது நிகழ்ந்தது இது. எங்கள் அறியாமையே இதில் மிகுதி. ஆயினும், அன்று கற்றதை இன்றைய மாணவர்க்குச் சொல்வது கடமை எனத் தோன்றுகின்றது.

1995ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை. தமிழ்த்துறையின் ஐந்திணைக் கண்காட்சிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு திணையைப் படமாக்கி வரவேண்டும் என்பது ஏற்பாடு. குறிஞ்சி எங்கள் ஐவருக்கு வாய்த்தது. எங்களுள் ஒருவருக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. இன்று தனி மாவட்டத்தின் தலைநகராகிய அவ்வூர், அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்ததே 1993இல்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அவ்வூருக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாக வழங்கும் அம்மலையைவிடக் குறிஞ்சிக்குத் தக்க இடம் அருகில் வேறில்லை என்று முடிவு செய்தோம். மலை, அருவி, தினை, தேன் எனப் படமெடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டோம். அப்பட்டியலில் மனிதர் இடம்பெறவில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

நண்பர் ஒருவரின் தாய்மாமா அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒளிப்படக் கருவியை, ஆயிரம் எச்சரிக்கைகளுடன் இரவல் பெற்றிருந்தோம். முப்பத்தாறு படங்களுக்கான கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றும் வாங்கியிருந்தோம்.

முதல் இடையூறு கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்திலேயே நேர்ந்தது. மின்னொளி விளக்குக்குரிய பேட்டரியை மறந்து வந்திருந்தோம். கடை திறக்கும்வரை காத்திருந்ததில், மலைக்குச் செல்லும் காலைப் பேருந்து போய்விட்டது. மளிகைச் சாமான் ஏற்றிச் சென்ற வேன் ஒன்றில் மூட்டைகளுக்கிடையே இடம் கிடைத்தது. கச்சிராயபாளையத்தைக் கடந்து, குலுங்கியோடும் அவ்வண்டியில் அமர்ந்தபடியே சுருளைக் கருவிக்குள் மாட்டினோம். எங்கள் பிழை எல்லாவற்றிற்கும் தாய்ப்பிழை அதுவே.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. பத்தடிக்கு அப்பால் இருந்த மரமும் தெரியவில்லை. ஆடியில் படிந்த ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் படமெடுத்தோம். நண்பகலில் பனி விலகியபோது பெரியார் அருவியில் இருந்தோம். அங்கே பாசி படிந்த பாறையில் ஒருவர் வழுக்கி விழுந்தார். பேட்டரிக்காகப் பேருந்தையே இழந்தோமே, அந்த மின்னொளி விளக்கு நீருக்குள் போயிற்று. விழுந்தவரின் முழங்காலில் இரத்தம் வழிந்தது.

அவரைத் தாங்கிக்கொண்டு அருகிருந்த சிற்றூர் ஒன்றின் முதல் வீட்டுத் திண்ணையில் அமர்த்தினோம். அம்மலையில் பெரும்பான்மையராக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். அப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று; இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. வீட்டிலிருந்து வெளிவந்த முதியவள் எங்களை யார் என்றும் கேட்கவில்லை. வேலியோரம் சென்று வெட்டுக்காயப் பூண்டின் இலைகளைப் பறித்து வந்து, கசக்கிச் சாற்றைப் பிழிந்து காயத்தில் வைத்துக் கட்டினாள். பின்னர் ஐவருக்கும் சாமைக் கஞ்சி ஊற்றினாள்.

நன்றி சொல்ல வேறு வழி தெரியாமல், “ஆயா, உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?” என்றோம்.

“என்னையா? இந்த வயசு வரைக்கும் யாரும் எடுத்ததில்லையே!” என்று சிரித்தவள், “கொஞ்சம் இருங்க தம்பி” என்று உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து, மடிப்புக் கலையாத சேலை உடுத்தி, தலையை வாரி முடிந்து, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான்கு முறை விசையை அழுத்தினோம். பொங்கலுக்குள் படம் வந்து சேரும் என்று உறுதி கூறினோம்.

திரும்பும் வழியில்தான் கருவியின் எண்காட்டி முப்பத்தாறைத் தாண்டியதைக் கவனித்தோம். ஒரு சுருளில் ஒன்றிரண்டு படங்கள் கூடுதலாகக் கிடைப்பதுண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் மகிழ்ந்தோம். முப்பத்தெட்டில் மகிழ்ச்சி வளர்ந்தது. நாற்பதில் அச்சம் பிறந்தது.

கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு விசையை ஒருமுறை முறுக்கினார். கருவியின் இடப்பக்கத்துக் குமிழைச் சுட்டி, “இது சுத்துதா பாருங்க” என்றார். அது அசையவில்லை. உள்ளே சுருள் நகர்ந்தால் அக்குமிழும் உடன் சுழல வேண்டும். கருவியைத் திறந்து காட்டினார். சுருளின் நுனி உருளையில் மாட்டாமல் தளர்ந்து கிடந்தது. நாள் முழுவதும் வெறுங்கருவியை முறுக்கி முறுக்கி அழுத்தியிருக்கின்றோம். “நுனியைத் தவிரச் சுருளுக்கு ஒண்ணும் ஆகலை. மறுபடி மாட்டிக்கலாம்” என்று அவர் ஆறுதல் சொன்னார். சுருள் பிழைத்தது, அந்த நாள் பிழைக்கவில்லை.

1897ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆந்திரே என்பவர் இருவருடன் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு மடிந்தார். அவர்களுடைய படச்சுருள்கள் 1930இல் பனிக்கட்டியிடையே கிடைத்தன. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றிலிருந்து படங்கள் தேறின. இச்செய்தியைப் பின்னாளில் படித்தபோது நாணினோம். சாவின் விளிம்பில் நின்றவர்கள்கூடச் சுருளைச் சரியாக மாட்டியிருக்கின்றார்கள்!

அருவிப் படமும் மலைப் படமும் போனதற்கு வருந்தினோம். அவற்றிற்கு ஈடாக ஓவியம் தீட்டிக் கண்காட்சியை ஒப்பேற்றிவிட்டோம். முதியவளைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. பொங்கலும் போயிற்று. ‘யார் வந்து கேட்கப் போகின்றார்கள்?’ என்ற எண்ணம் ஐவர் உள்ளத்திலும் இருந்தது. ஒருநாள் எங்கள் பேராசிரியர் நடந்ததை முழுவதும் கேட்டார். “படம் போனது கைப்பிழை. சொன்ன சொல்லும் போகலாமா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

1996 பிப்ரவரியில் மீண்டும் மலையேறினோம். அதே சுருள், அதே கருவி. இம்முறை பேருந்து நிலையத்திலேயே, குமிழ் சுழல்வதை ஐவரும் கண்ணால் கண்ட பின்னரே புறப்பட்டோம். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தோம். முதியவள் எங்களைக் கண்டதும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்தத் தம்பிக்கு முட்டி ஆறிடுச்சா?” என்றாள்.

ஒத்திகை பார்த்த சொற்களெல்லாம் மறந்துபோயின. தட்டுத்தடுமாறி உண்மையைச் சொன்னோம். சற்று நேரம் எங்களையே பார்த்திருந்தாள். “அப்போ மறுபடியும் அந்தச் சேலையைக் கட்டணுமா?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஆண்டுத் தேர்வுக்கு முன்னர் படத்தை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். இரு கைகளாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். “எங்க அம்மா மாதிரியே இருக்கேன்” என்றாள். அவளுடைய தாய்க்கும் படம் கிடையாது. தாயின் முகத்தை அவள் மீண்டும் கண்டது அன்றுதான் போலும்.

இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை தனி வட்டமாகிவிட்டது. மலைக்குச் செல்வோர் ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி உண்டு. சுருள் மாட்டும் கவலை இல்லை; எடுத்த நொடியே படம் தெரிந்துவிடுகின்றது. ஆயினும் மலைவாழ் முதியோரையும் குழந்தைகளையும் நிறுத்திவைத்து எடுக்கும் படங்களில் எத்தனை அவர்கள் கைக்குப் போய்ச் சேருகின்றன? படம் ‘எடுத்தோம்’ என்றுதான் நாம் எல்லோரும் சொல்கின்றோம். எடுத்ததைக் கொடுக்கும்வரை அது பிறர் பொருளே.

மாணவ நண்பர்களே, கருவியைப் பழகுங்கள். பிழை நேர்ந்தால் அஞ்சாதீர்கள். எங்களுக்கு நாற்பது படங்கள் போயின. போகாமல் காப்பாற்ற முடிந்தது ஒரு சொல்லை மட்டுமே. அதுவும் எங்கள் ஆசிரியர் நினைவூட்டியதால்.